முகம் பார்த்து ஓடும் படம்

அடி வாங்கத் தயாராகத்தான் இளஞ்சேரல் வியாசர்பாடிக்குப் போனான்.

சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தான். ஜூன் மாத வெயில். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அது இல்லாமல் பத்தடிக்கு அப்பால் எல்லாமே கலங்கல். அடிக்க வருகிறவன் முகம் தெரியாமல் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்தான்.

அவன் எடுத்த முதல் படம் அன்று வெளியாகிறது. பெயர் 'ஸ்லோமோஷன் சுந்தரம்'. எரிமலை நாயகன் ஆதிவர்மனைக் கேலி செய்யும் படம். எங்கும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சுந்தரத்துக்கு அதே மீசை. யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் கழுத்தை மட்டும் திருப்பும் அதே பழக்கம். சுந்தரம் ஒரு சினிமா நட்சத்திரம். வருடக்கணக்கில் ஸ்லோமோஷனில் நடந்து நடந்து, இப்போது அவனுக்குச் சாதாரண நடை வராது. வைத்தியம் பார்க்க டாக்டரிடம் போகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் ஓய்வு பெற்றுவிடுகிறார். ரேஷன் கடைக்கு நடக்கிறான். காற்றே இல்லாத தெருவில் அவன் சட்டை மட்டும் பறக்கிறது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போகிறார். மகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவன், பேரனுக்குக் காது குத்தும் நாளில் மண்டபத்துக்குள் நுழைகிறான்.

இளஞ்சேரல் ஆதிவர்மனுக்குப் பல வருடம் பஞ்ச் வசனம் எழுதியவன். 'நான் மூச்சு விட்டா புயல், விடலேன்னா பூகம்பம்' அவன் எழுதியதுதான். எழுதிய அன்று அவன் இரண்டு முறை குளித்தான்.

தியேட்டர் வாசலில் ரசிகர் மன்றம் கூடியிருந்தது. மன்றத் தலைவர் டில்லிபாபு அழுகிய தக்காளியைக் கூடையில் கொண்டுவந்திருந்தார். "திரை மிஞ்சாது" என்று முந்தின நாளே அறிக்கை விட்டிருந்தார். இளஞ்சேரலுக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி. கோபம் வந்தால் படம் புரிந்தது என்று அர்த்தம். யாருக்காவது சுருக்கென்று தைக்காவிட்டால் அது என்ன கேலி?

அவன் உள்ளே போகவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் முதல் விசில் கேட்டது. ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றான். பிறகு விசில் நிற்கவே இல்லை. இடைவேளையில் யாரும் கோபமாக வெளியே வரவில்லை. படம் முடிந்ததும் வந்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

டில்லிபாபு சாலையைக் கடந்து நேராக அவனிடம் வந்தார். இளஞ்சேரல் தலையைக் குனிந்து தோளை உயர்த்திக்கொண்டான்.

"சார்! தலைவர இப்டி ஒர்த்தரும் காட்னதே இல்ல சார்!"

"எப்படி?"

"இன்னா சார் இப்டி கேக்கிற? அந்த ரேசன் கட சீனு! கடக்காரன் ஷட்டர எறக்குறான். தலைவரு ஒரு பார்வ பாக்குறாரு. ஷட்டரு அதுவா மேல போவுது சார்! அல்லாருக்கும் அரிசி! எங்கம்மாவ நெனச்சு அழுதுட்டேன் சார்."

"ஷட்டர் மேல போச்சா?"

"அதுவா போச்சு சார்!"

அவனைத் தோளில் தூக்கினார்கள். மாலை போட்டார்கள். மேலேயிருந்து பார்த்தபோது, சுந்தரத்தின் கட்அவுட்டுக்கு யாரோ பாலூற்றிக்கொண்டிருப்பது கலங்கலாகத் தெரிந்தது. கேலி செய்வதற்காக வைத்த கட்அவுட் அது. மீசையில் ஒரு அட்டைக் காக்கா உட்கார்ந்திருக்கும்.

காக்காவுக்கும் பாலூற்றினார்கள்.

*

"ஷட்டர் மேல போற ஷாட்டை நான் எடுக்கவே இல்ல" என்றான் இளஞ்சேரல்.

மறுநாள் காலை. சாலிகிராமத்தில் தயாரிப்பாளர் பாண்டுரங்கனின் அலுவலகம். எதிரே பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். நாடி நிறுவனத்திலிருந்து வரும் பொறியாளர்.

"நீங்க எடுக்கல சார். நாடி செஞ்சுது."

நாடி வந்து இரண்டு வருடம் இருக்கும். திரைக்கு மேலே வரிசையாகக் கடுகு கடுகாகக் கேமராக் கண்கள். இருட்டிலும் பார்க்கும். பாட்டுக்கு எழுந்து போகிறார்கள் என்றால் பாட்டைக் குறைக்கும், சண்டைக்கு நிமிர்ந்து உட்கார்கிறார்கள் என்றால் சண்டையை நீட்டும் என்றுதான் இளஞ்சேரல் நினைத்திருந்தான். ஒப்பந்தத்தை அவன் படிக்கவில்லை. கோடம்பாக்கத்தில் யாரும் படிப்பதில்லை.

"நீங்க எடுத்தது எல்லாம் பொதியா எங்களுக்கு வரும் சார். எது முன்னாடி, எது பின்னாடி, எது வேணாம், அதெல்லாம் நாடி பாத்துக்கும். பத்தாததை அதுவே செஞ்சுக்கும். ஹால்ல இருக்கறவங்க உதடு, கண்ணு, தாடை, இதைத்தான் பாக்கும். வியாசர்பாடில ரேஷன் கடை சீன்ல ஒருத்தர் தாடை கூட இளகல. எல்லாம் இறுகிப்போச்சு. உடனே வயலின் போட்டு ஷட்டரை ஏத்திடுச்சு."

"சிரிச்சவங்க யாருமே இல்லையா?"

"பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஆனா சிரிக்கறவன் எழுந்து போக மாட்டான் சார். மூஞ்சி இறுகினவன்தான் போவான். அதனால இறுகின மூஞ்சிக்குத்தான் முதல் மரியாதை. யாரும் பாதில எழுந்து போகக் கூடாது. நாடியோட வேலையே அதான்."

"அவங்களுக்குக் கோவம் வரணும்னுதாம்மா எடுத்தேன்."

பெனிட்டா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதுக்கு வசதி இல்ல சார்."

பாண்டுரங்கன் போனிலிருந்து தலையை எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். "டைரக்டர் சார், ஒரு படம்தான் எடுத்தோம். எத்தனை படம் ஓடுது பாருங்க. அண்ணா நகர் மால்ல இது ரசிகர்களைக் கிண்டல் பண்ற படமாம். வியாசர்பாடி ஆளுங்க கட்அவுட்டுக்குப் பால் ஊத்தறாங்களாம், மால்ல விழுந்து விழுந்து சிரிக்கறாங்களாம்."

"அப்படி ஒரு சீன் நான் எழுதல."

"குரோம்பேட்டைல குடும்பப் படம். மயிலாப்பூர் காலைக் காட்சில பக்திப் படம்."

"பக்தியா?"

"முழுக்கப் பெரியவங்களாம். சுந்தரம் நடந்து வர்றது தேர் அசைஞ்சு வர்ற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. நாடி விடுமா? நாதஸ்வரம் சேத்துடுச்சு." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "எதிர்க் கோஷ்டி மன்றத்துக்காரங்க ஒரு ஹாலை மொத்தமா எடுத்திருந்தாங்க. அங்க சுந்தரம் இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டான்."

"அப்புறம் ரெண்டாம் பாதி?"

"கருமாதி. முழுசும். எழுந்து நின்னு கை தட்டினாங்க."

வீட்டுக்குப் போனால் மேகலா கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். குரோம்பேட்டையில் தங்கையோடு பார்த்தாளாம்.

"மக கல்யாணத்துக்கு ஓடி வர்றாரே, தாலி கட்டற நேரத்துக்குக் கரெக்டா... உங்களுக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருக்காருன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாதுங்க."

அவன் மறுக்க வாயெடுத்தான். அவள் அன்று மீன் வறுத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சாப்பிடும்போதுதான் அவனுக்கு அது முழுதாக உறைத்தது. படம் எல்லா ஊரிலும் ஓடுகிறது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஹாலிலும் அது அங்கே இல்லாதவனைத்தான் கேலி செய்கிறது. ஒருவனைக்கூட அவன் முகத்துக்கு நேராக இன்னும் கேலி செய்யவில்லை. ஒரு ஆள் போதும். எடுத்தபடி, எழுதிய வரிசையில், கேலிக்கு உரியவனே உட்கார்ந்து ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்.

போன் அடித்தது. ஆதிவர்மனின் மேனேஜர்.

"தலைவர் ஞாயித்துக்கிழமை காலைல நம்ம தியேட்டர்ல படம் பாக்கறாரு. உங்களையும் வரச் சொன்னாரு."

"சரிங்க. கண்டிப்பா வந்துடறேங்க."

போனை வைத்ததும் மேகலா கேட்டாள்: "எதுக்கு எழுந்து நிக்கறீங்க?"

கையில் சோற்றோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

*

ஆதிவர்மனின் வீடு கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பின்கட்டில் சொந்தத் தியேட்டர். பொதியை ஏற்ற பெனிட்டா முன்னாலேயே வந்திருந்தாள். இளஞ்சேரல் அவளை ஓரமாக அழைத்துப் போனான்.

"இங்கயும் நாடி இருக்கா?"

"இருக்கு சார்."

"இன்னைக்கு ஒரு நாள் அணைச்சுடு."

"அணைச்சா வெறும் கறுப்புத் திரைதான் வரும். பொதிக்கு வரிசையே கிடையாது."

"நான் வரிசை போட்டு வெச்ச காப்பி?"

"பொதி கட்டினதும் அதை அழிச்சிடுவோம். ஒப்பந்தத்துல இருக்கு."

"அப்ப நான் எடுத்த படம் இந்த உலகத்துல எங்கயும் இல்லையா?"

அவள் யோசித்தாள். "அதை ரசிக்கற மூஞ்சி ஹால்ல இருந்தா வரும் சார். உங்க மூஞ்சி இருக்கே. நீங்க சிரிக்கற இடத்தைப் பிடிச்சுக்கிட்டு அது போகும். ஆனா சும்மா சிரிச்சாக் கண்டுபிடிச்சிடும். நிஜமா சிரிக்கணும். அதுவும் இவ்ளோ பேர் இருக்காங்களே..."

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. மேனேஜர், டச்சப் ஆள், ஜோசியர், கதை கேட்பவர், என்ன வேலை என்று தெரியாத ஏழெட்டுப் பேர்.

"அவங்களை விடு" என்றான் இளஞ்சேரல். "அவங்க யாரும் திரையைப் பாக்க மாட்டாங்க."

அவனுக்குத் தெரியும். அவனே அந்த வரிசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறான். நாற்காலிகளே லாட வடிவில்தான் போடப்பட்டிருக்கும். நடுவில் ஆதிவர்மன். சுற்றியிருப்பவர்கள் படம் முழுக்க அவர் முகத்தையே பார்ப்பார்கள். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும். முந்தக் கூடாது, ரொம்பவும் பிந்தக் கூடாது. யாருக்கும் கதை தெரியாது. ஆனால் எல்லோரும் படத்தைப் பற்றிச் சரியாகவே பேசுவார்கள்.

ஆதிவர்மன் வேட்டி பனியனில் வந்தார். முழங்காலில் பட்டை. மீசை வீட்டில் இருக்கும்போது வெள்ளை.

"வாய்யா. எதுக்கு ரெண்டு சட்டை போட்ருக்கே?"

"குளிர் தலைவரே. ஏசி."

"உக்காரு. எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குங்கறான். அதான் சந்தேகமா இருக்கு."

தன் பக்கத்து நாற்காலியில் அவனை உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது.

படம் தயங்கித் தயங்கித் தொடங்கியது. சூரிய உதயம். ஆதிவர்மன் முகத்தில் எந்த அசைவும் இல்லை. இளஞ்சேரல் சிரிக்கப் பார்த்தான். எத்தனையோ முறை பார்த்த படம். "ஹ" என்று ஒன்று வந்தது. நாடி அதை மதிக்கவில்லை. இன்னொரு சூரிய உதயம் வந்தது. பிறகு நெல் வயல். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல, ஒரு கன்றுக்குட்டி.

சுந்தரம் பைக்கில் ஏறக் காலைத் தூக்கினான். பாதியில் முட்டி பிடித்துக்கொண்டது. காலை இறக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. காற்று மட்டும் வீசியது.

ஆதிவர்மனின் உதடு ஒரு ஓரமாகத் துடித்தது.

அது போதும். படம் நிமிர்ந்தது. அடுத்த ஷாட் சுந்தரம் டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் ஷாட். இளஞ்சேரல் வைத்த அதே இடத்தில் வெட்டு. டாக்டரின் தலை நரைத்தது. டாக்டருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. சுந்தரம் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. ஆதிவர்மனின் தொண்டையிலிருந்து இருமல்போல் ஒன்று வந்தது. மேனேஜர் தண்ணீரோடு பாய்ந்தார்.

"தண்ணி வேணாம்யா. சிரிக்கறேன்."

லாடம் முழுக்கச் சிரித்தது.

அதன் பிறகு எல்லாம் எடுத்தபடி வந்தது. ஒரு ஷாட் முன்பின் இல்லை. ரேஷன் கடை வந்தது. ஷட்டர் இறங்கியது. இறங்கியே கிடந்தது. ஆதிவர்மன் தொடையைத் தட்டினார்.

"ஒரு தடவ ஏர்போர்ட்ல நிஜமாவே இப்டித்தான்யா நடந்தேன். எல்லாரும் பாக்கறாங்களேன்னு. ஃப்ளைட்டு போயிடுச்சு!"

"தெரியும் தலைவரே. நானும் கூட நடந்தேன்."

"நீயுமா மெதுவா நடந்தே?"

"உங்களுக்குப் பின்னாடியே தலைவரே."

அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். இளஞ்சேரலுக்குக் கண் கலங்கியது. இது நடந்துவிட்டது. தன் படத்தை ஒருவர் பார்க்கிறார், அதுவும் இவர். இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. சிரித்தே பல வருடம் ஆனவர்போல் அவர் சிரித்தார்.

அப்போதுதான் அந்த எழுத்தாளன் வந்தான்.

திரையில் சுந்தரத்தின் முன்னால் கை கட்டி ஒருவன் நின்றான். வசனம் எழுதுகிறவன். தோள் கூனியிருந்தது. இளஞ்சேரல் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதவே இல்லை. நடிகனுக்கு விளக்குவதற்காக ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அவன் தானே நடித்துக் காட்டுவான். கேமரா ஓடிக்கொண்டேயிருக்கும். அதெல்லாமும் பொதியில் போயிருந்தது. படப்பிடிப்பில் அவன் குனிந்தது, வழிந்தது, போன் வந்தால் செய்தது, எல்லாம். அதை வைத்துத்தான் நாடி இவனைச் செய்திருந்தது.

"எப்படிய்யா இருக்கு?" என்றான் சுந்தரம்.

"இன்னும் நீங்க சொல்லவே இல்லையே தலைவரே. அதுக்குள்ள புல்லரிக்குது" என்றான் எழுத்தாளன்.

ஆதிவர்மன் இளஞ்சேரலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "ஏய், இது நீதானேய்யா!"

நாடி வழி கண்டுகொண்டது. எழுத்தாளன் சலூனில் உட்கார்ந்திருந்தான். பாதி முகம் சவரமாகியிருந்தது. சுந்தரத்திடமிருந்து போன். எழுத்தாளன் சடாரென்று எழுந்து நின்றான். கத்தியோடு சலூன்காரர் சுவரில் ஒட்டிக்கொண்டார். அடுத்து பஸ். போன். எழுந்து நின்றான். தலை கூரையில் இடித்தது. அடுத்து ஆஸ்பத்திரி. தலையில் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தான். போன். ஸ்ட்ரெச்சர் மேல் எழுந்து நின்றான். அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆதிவர்மன் பட்டை போட்ட முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். லாடத்தில் இருந்தவர்கள் முதல் முறையாகத் திரையைத் திரும்பிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஒருவரும் துணியவில்லை.

திரையில் எழுத்தாளன் கதவைப் பூட்டிக்கொண்டு ரகசியமாக ஏதோ எழுதினான். தலைவனைக் கேலி செய்து ஒரு படம். எழுதும்போது வீரமாக இருந்தான். மீசையை முறுக்கினான். மேசையில் போன் அடித்தது.

இளஞ்சேரல் தன் தாடையை உணர்ந்தான்.

கல்லாக இருந்தது. தளர்த்தப் பார்த்தான். இது வெறும் படம், சிரிக்கலாம், தப்பில்லை என்று தனக்குச் சொன்னான். உதட்டை விரித்தான். தாடை கேட்கவில்லை.

மெல்ல ஒரு வயலின் எழுந்தது.

திரையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. எழுத்தாளன் எழுந்திருக்கவில்லை. ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவன் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. கூனல் நிமிர்ந்தது. அவன் போனை எடுத்து, நிதானமாக, "நான் எழுதினாத்தான் நீங்க பேசுவீங்க" என்றான். அறைக்குள் எங்கிருந்தோ காற்று வந்து அவன் சட்டையைப் பறக்கவிட்டது.

வெளிச்சம் நன்றாக விழுந்திருப்பதாக இளஞ்சேரலுக்குத் தோன்றியது. வசனமும் மோசமில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

அப்புறம்தான் ஹாலில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தான்.

ஆதிவர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தட்டில் இருந்ததை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"ஏன்யா, நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு. ஏன் மாத்தினே?"

"நான் இல்ல தலைவரே. நாடி..."

"எனக்கும் நாடி தெரியும்யா. நான் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன். இவனுங்க என் மூஞ்சியத்தான் பாக்கறானுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க படம் பாக்கறது நாம ரெண்டு பேர்தான்."

திரையில் எழுத்தாளன் மாடிப்படியில் ஸ்லோமோஷனில் இறங்கிக்கொண்டிருந்தான்.

இளஞ்சேரல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"ஒரு நிமிஷம் தலைவரே."

"எங்கய்யா போறே?"

"நீங்க பாருங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினான். வெயிலில் கண் கூசியது. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். இரண்டு சட்டையும் நனைந்திருந்தன. உள்ளே வயலின் இன்னும் கேட்டது. கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு இடத்தில், இழுத்த வில்லை யாரோ பிடுங்கியதுபோல் நின்றது.

ஒரு சிரிப்பு. இருமல்போல. பின்னாலேயே லாடம் மொத்தமும்.

அவன் எழுந்து கதவருகே போனான். கைப்பிடியில் கை வைத்தான். திறந்தால் மறுபடி வயலின் வந்துவிடும். கையை எடுத்துக்கொண்டான். உள்ளே என்ன ஓடுகிறதோ, அது இனி எந்த ஹாலிலும் ஓடாது. அவன் எடுக்க நினைத்த படம் அதுதான். அதை அவன் மட்டும் பார்க்க முடியாது.

மறுபடி வந்து உட்கார்ந்தான். சிரிப்பு அலை அலையாக வந்தது. "ஐயோ, போதும்யா, போதும்" என்று ஆதிவர்மனின் குரல் கேட்டது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். தோள் குலுங்கியது. அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"நீயும் பாத்தியா?"

அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"உள்ள இப்ப என்ன ஓடுது? நான் என்ன பண்றேன்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் உதட்டைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள். தன் முகத்திலிருந்த சிரிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களை ரொம்ப நல்லாக் காட்டியிருக்கு சார்" என்றாள்.